தொப்புளில் ஒரு முடிச்சு

சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு என்றுதான் போகும். தோலுக்கு வருவது மிக அபூர்வம். அப்படி வரக்கூடிய இடங்களில் ஒன்று தொப்புள். அங்கே எப்படி? நாம் கருவில் இருக்கும்போது சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரை ஒரு குழாய் உண்டு. யூரக்கஸ் என்று பெயர். பிறகு அது மூடிப்போய் வெறும் நாராக நின்றுவிடும். அந்தப் பழைய பாதையிலும் நோய் ஏறி வரலாம்.

இந்தக் கட்டிக்குப் புத்தகங்களில் 'சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு' என்று பெயர். மருத்துவத்தில் எதை எடுத்தாலும் டாக்டர்கள் பெயர்தான் இருக்கும், இது யார் சிஸ்டர் என்று தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

இயற்பெயர் ஜூலியா டெம்ப்சி. 1856-ல் அமெரிக்காவில் பிறந்தவர். 1878-ல் கன்னியாஸ்திரி ஆனார். அவருடைய சபை மினசோட்டாவின் ராச்செஸ்டர் நகரில் 1889-ல் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையைத் திறந்தது. (1883-ல் ஊரைச் சூறாவளி புரட்டிப் போட்ட பிறகு எழுந்த யோசனை.) நர்ஸ் வேலையை அங்கேதான் கற்றார். 1890 முதல் 1915 வரை டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் முதல் உதவியாளர். 1892-லிருந்து மருத்துவமனை நிர்வாகமும் அவர் கையில்.

ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்போது சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. அவர்கள் வயிற்றைத் திறந்தால் உள்ளே புற்றுநோய் பரவிக் கிடந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு மேயோவிடம் சொன்னார். ஸ்கேன் இல்லாத காலம் அது. உள்ளே என்ன நிலைமை என்று அறிய வயிற்றைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும். நோய் முற்றிவிட்டதை வெளியிலிருந்தே ஒரு விரல் சொல்கிறது என்றால் சும்மாவா?

மேயோ இதைப் பற்றி 1928-ல் எழுதினார். அவர் வைத்த பெயர் 'பேன்ட் பட்டன் தொப்புள்'! என்னைக் கேட்டால் சிஸ்டரின் பெயர் அப்போதே வந்திருக்க வேண்டும். 1949-ல்தான் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய சர்ஜன் தன் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைச் சூட்டினார். சிஸ்டர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அவரும் மேயோவும் காலமானது ஒரே வருடம், 1939.

இந்த முடிச்சுக்கு வயிறு, குடல், கணையம், சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்தான் பெரும்பாலும் காரணம். சிறுநீர்ப்பை அந்தப் பட்டியலில் கடைசியில் எங்கோ இருக்கிறது. அதனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவருக்குத் தொப்புளில் கட்டி வந்தால், ஹெர்னியா என்றோ சீழ்க்கட்டி என்றோ நினைத்துவிட வாய்ப்பு உண்டு. இன்று ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே உறுதி செய்கிறார்கள். அதற்கு முதலில் யாராவது தொப்புளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.