கண்ணில்லாமல் எழுதிய செய்நிரல்

செய்நிரல் எழுதக் கண் வேண்டும் என்று நினைக்கிறோம். 1980களில் கணினித் திரையில் பெரும்பாலும் எழுத்துகளே இருந்தன. அவற்றைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் வந்ததும் பார்வையற்றோர் செய்நிரல் எழுதினர். பிறகு விண்டோஸ் படங்களோடு வந்தது, குரல் தடுமாறியது. படத்திரையை வாசிக்கும் மென்பொருள்கள் வந்தாலும் விலை எட்டவில்லை.

2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கல் கரன், பைதன் மொழியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே கைகோத்தார். இன்றும் அது இலவசம்.

பைதனில் வரியின் தொடக்க இடைவெளி பிழைத்தால் செய்நிரல் ஓடாது. அந்த இடைவெளியையும் என்விடிஏ ஒலியால் உணர்த்தும். தமிழும் வாசிக்கும்.

நம்மூரில் பார்வையற்ற பிள்ளையை, "பாவம்" என்று சொல்லி வீட்டோடு வைத்துவிடுகிறோம். ஒரு கீபோர்டும் ஹெட்போனும் கொடுத்துப் பார்ப்போமா?