பத்து ஆராங்: ரயிலையும் மின்விளக்கையும் ஓடவைத்த கரி ஊர்

செலாயாங் என்றதும் பலருக்கு நினைவு வருவது மொத்த வியாபாரச் சந்தையும் பெரிய மருத்துவமனையும்தான். ஆனால் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை அதோடு முடிந்துவிடுவதில்லை. பத்துமலை, ரவாங், குவாங், பத்து ஆராங் ஆகியவையும் அதற்குள் அடக்கம். சிலாங்கூரின் பழைய தொழில் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஊர்களில்தான் நடந்தது. ஈயமும் சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் இங்கிருந்துதான் தோண்டப்பட்டன.

முதலில் வந்தது ஈயம். ரவாங்கில் லோக் இயூவும் கா. தம்புசாமி பிள்ளையும் கூட்டாக ஈயச்சுரங்கம் நடத்தினார்கள். குழி ஆழமாக ஆழமாக நீர் ஊறும். அதை இறைக்காமல் வேலை நடக்காது. அதற்காக 1894-ஆம் ஆண்டு அங்கே மின்சாரத்தால் இயங்கும் பம்புகளை அமைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் முதலில் பயன்பட்ட இடம் என ரவாங் பெயர் பெற்றது அப்படித்தான். பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்தவராக நாம் நினைவுகூரும் அதே பிள்ளைதான் இவர். கோயில் பக்கத்தை அறிந்த அளவு அவருடைய சுரங்கப் பக்கத்தை நம்மில் பலர் அறிந்ததில்லை.

நிலக்கரியின் கதை அதற்குப் பிந்தியது. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல், ‘ஆராங்’ என்றால் கரி. 1908-இல் இங்கே நிலக்கரி கண்டறியப்பட்டது. 1913-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் முன்னின்று மலாயன் கோலியரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1915-இல் வெட்டும் வேலை ஆரம்பமானது. குவாங்கிலிருந்து தனி ரயில் பாதை போடப்பட்டது. மேற்பரப்பில் பெருங்குழிகளாகவும் மண்ணுக்கடியில் சுரங்கங்களாகவும் கரி எடுத்தார்கள். இந்தக் கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். ஆனாலும் ரயில் இஞ்சின்களும், 1927-இல் திறக்கப்பட்ட பங்சார் மின் நிலையமும், ஈயச்சுரங்கங்களும் இதையே நம்பியிருந்தன. கோலாலம்பூரில் விளக்கு எரிந்ததற்கும் ரயில் ஓடியதற்கும் பின்னால் பத்து ஆராங் தொழிலாளியின் வியர்வை இருந்தது.

அந்தத் தொழிலாளிகளில் சீனர்களே அதிகம். இந்தியர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். சீனர்களில் பலருக்கு நிர்வாகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. இடையில் ஒப்பந்தக்காரர் நின்றார். அவர் எடுத்தது போக மிஞ்சியதுதான் கூலி. தோட்டத்தில் கங்காணியின் கீழ் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புரியாத சங்கதி அல்ல.

1936 நவம்பரில் வேலை நிறுத்தம் வெடித்தது. 1937 மார்ச்சில் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி, சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். இதன் பின்னணியில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. கரி நின்றால் ரயிலும் மின்சாரமும் நிற்கும் என்று காலனி அரசு அஞ்சியது. போலீஸ் படை உள்ளே நுழைந்தது, மலாய் ரெஜிமெண்டும் வரவழைக்கப்பட்டது. போராட்டம் ஒடுக்கப்பட்டது.

அந்தக் காலத்துக் கூலிப் பிரச்சினை கரிச் சுரங்கத்தோடு நின்றுவிடவில்லை. ரப்பர் தோட்டங்களில் சம்பளம் வெட்டப்பட்டதை அடுத்து, 1938-இல் உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று. அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். போருக்குப் பிறகு சுரங்கம் மறுபடி இயங்கினாலும் பழைய தெம்பு திரும்பவில்லை. 1948 ஜூலையில், அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் ஊருக்குள் புகுந்து சிலரைக் கொன்று இயந்திரங்களையும் சேதப்படுத்தினார்கள். ஆனால் சுரங்கத்துக்கு முடிவு கட்டியது துப்பாக்கி அல்ல, எண்ணெய். ரயில் இஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. கரியை வாங்க ஆளில்லை. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி ஆட்கள் வெளியேற, ரயில் பாதையும் பிறகு இல்லாமல் போனது.

இப்போது பத்து ஆராங்கில் பழைய செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. கரி தோண்டிய பெருங்குழிகள் ஏரிகளாகிவிட்டன. பழைய சுரங்கங்கள் மண்ணுக்கடியில் அப்படியே கிடப்பதால், எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற கேள்வி அந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை.