மலையகத்தில் காடழிப்பும் மீள்காடாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

பேராதனை வளாகத்தினின்று ஹந்தானை மலைத்தொடரை நோக்குவோர்க்கு அதன் சரிவுகளில் நிரை நிரையாக நிற்கும் பைனஸ் மரங்கள் கண்ணிற்படும். தூரத்தே நோக்குமிடத்து அது காடெனவே தோன்றும். அருகிற் சென்று பார்ப்போர், ஊசியிலைகள் நிலத்தில் மெத்தைபோற் படிந்திருப்பதையும், மரங்களின் கீழே செடிகொடிகள் அருகியே காணப்படுவதையும் அறிவர். நடப்பட்ட மரங்கள் எந்நிலையிற் காடாகின்றன? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், மலையகத்திற் காடு அழிந்த வரலாற்றையும், மரங்கள் மீள நடப்பட்ட வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டுநிலங்களையும் தரிசுநிலங்களையும் முடிக்குரிய காணிகளாகக் கருதியது. அக்காலத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற விலைக்குக் காடுகள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. காட்டை வெட்டும் வேலையிற் சிங்களக் கிராமத்தவரும் ஈடுபட்டனர். எனினும் தோட்டங்களை உருவாக்கி நிலைநிறுத்திய உழைப்பு பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையதாகும். வெட்டப்பட்ட மரங்களுக்குத் தீ மூட்டப்பட்டது; சாம்பல் படிந்த சரிவுகளிற் கோப்பி நடப்பட்டது. 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக விரிந்திருந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கையை வீழ்த்தியது. ஆயினும் நிலம் காட்டிடம் மீளவில்லை. ஹேவாஹெட்டைப் பகுதியில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் தொடக்கிய தேயிலைச் செய்கை, நூற்றாண்டின் முடிவில் மூன்று இலட்சம் ஏக்கரையும் கடந்தது. கோப்பியிலும் உயரமான இடங்களிலே தேயிலை வளர வல்லதாகையால், எஞ்சிய மேட்டுக்காடுகளும் ஆபத்துக்குள்ளாயின.

காடழிப்பின் விளைவுகளை ஆட்சியாளர் அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையின் மலைக்காடுகள் அழிவதால் நீர்வளமும் காலநிலையும் பாதிக்கப்படும் என எச்சரித்தார். இதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை வெட்டலாகாது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடுகளும் இன்றும் எஞ்சியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1885இற் காட்டுக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1887இல் வனத் திணைக்களம் நிறுவப்பட்டது.

ஆனால் அக்கால மரநடுகையின் முதன்மையான நோக்கம் காட்டை மீட்பதன்று. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் புகையிரதத்துக்கும் விறகு வேண்டியிருந்தது. விரைந்து வளரும் யூக்கலிப்டஸ் மரங்கள் அத்தேவைக்காகவே மலையகத்திற் பரப்பப்பட்டன. காடு என்பது விறகும் பலகையும் தரும் களஞ்சியமாகவே கணிக்கப்பட்டது.

சுதந்திரத்தின் பின்னரும் இக்கண்ணோட்டம் முற்றாக மாறவில்லை. விவசாயக் குடியேற்றங்கள், நீர்ப்பாசனத் திட்டங்கள், சேனைச் செய்கை, மரந்தறித்தல் ஆகியவற்றால் 1956இல் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதமாயிருந்த காடு 1992இல் 24 சதவீதமாகக் குறைந்தது. இக்காலப்பகுதியில், குறிப்பாக 1970களிலும் 1980களிலும், கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பத்தனைப் புல்வெளிகளிலும் பைனஸ் பெருமளவில் நடப்பட்டது. மேல்மண் இழந்த நிலத்திலும் அது வேரூன்ற வல்லது, விரைந்து வளர்வது, கால்நடைகளால் மேயப்படாதது. வெற்றுச் சரிவை மூடுவதற்கு வேறு மரம் எளிதிற் கிட்டாத நிலையில் இத்தெரிவைக் குறைகூறுதல் எளிதன்று.

எனினும் பைனஸ் நட்ட இடங்களிலே ஊற்றுக்கள் வற்றின எனக் கிராமத்தவர் முறையிட்டனர். புல்லைவிட மரம் மிகுதியான நீரை ஆவியாக்கும் என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட உண்மையாதலின், இம்முறையீட்டை அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. உலர்ந்த ஊசியிலைகள் மெல்லவே உக்குவன. கோடையில் எளிதில் தீப்பற்றுவன. இத்தோட்டங்கள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவளிப்பதும் அரிது.

இங்கு சிங்கராசவனத்தின் அனுபவம் நமக்கு வழிகாட்டுகின்றது. 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரந்தறிக்கப்பட்ட அவ்வனம், மக்களின் எதிர்ப்பினாற் காக்கப்பட்டு, 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அதன் எல்லையில் நின்ற பைனஸ் தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரான குணதிலக்க தம்பதியரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் 1990களிற் பரிசோதனை ஒன்றை மேற்கொண்டனர். பைனஸ் நிரைகள் சில அகற்றப்பட்டு, அவ்விடைவெளியிற் சுதேச மழைக்காட்டு மரங்களின் நாற்றுக்கள் நடப்பட்டன. மூன்று நிரைகள் அகற்றப்பட்ட இடங்களில் அவை செழித்து வளர்ந்தன. வெட்டவெளியிலே பிழைக்கமாட்டாத நாற்றுக்களுக்குப் பைனஸ் செவிலித்தாயாகிற்று. ஆகவே பைனஸ் தோட்டத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாது முதற்படியாகக் கொள்ளின், அதனின்றே காட்டை மீட்கலாம் என்பது தெளிவாயிற்று.

காட்டின் பயன் யாரைச் சேர்கின்றது, அதன் அழிவு யாரைத் தாக்குகின்றது என்பதையும் வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. கடும் மழையும் நிலத்தின் அமைப்பும் சேர்ந்து விளைக்கும் இத்தகைய பெருஞ்சரிவுகளை மரங்கள் மட்டும் தடுத்துவிடா. எனினும் ஆழ வேரோடிய காடு மேல்மண்ணைப் பிணைத்து மழையின் வேகத்தைத் தணிக்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் காடழித்துத் தோட்டமாக்கிய கைகளின் வழித்தோன்றல்களே இன்று அச்சரிவுகளின் அடியிற் குடியிருக்கின்றனர். அந்நிலத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் உரிமையும் இல்லை.

ஆகவே மீள்காடாக்கம் என்பது நாற்றுக்களின் எண்ணிக்கையால் அளவிடத்தக்கதன்று. எந்நிலத்தில் எம்மரத்தை, எவர் நன்மைக்காக நடுகின்றோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மண்வெட்டியைக் கையிலெடுத்தல் வேண்டும். சரிவின் கீழே வாழும் மக்களையும் அத்தீர்மானத்திற் பங்காளராக்குதல் வேண்டும். ஹந்தானையின் பைனஸ் நிரைகளுக்கு இடையே சுதேச மரக்கன்றுகள் தலைதூக்கும் நாளிலேதான் அது மீண்டும் காடாகத் தொடங்கிற்று என நாம் கூறலாம்.