லிங்கன் போட்ட கூட்டு வட்டிக் கணக்கு

1862 டிசம்பரில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1900-க்குள் அடிமை முறையை ஒழிக்கும் மாநிலங்களுக்குக் கடன் பத்திரங்களாக ஈட்டுத்தொகை தரலாம் என்று குடியரசுத் தலைவர் லிங்கன் காங்கிரசுக்கு எழுதினார். இவ்வளவு பெரிய கடனை யார் அடைப்பது? பெருகப் போகும் மக்கள் என்றார். அதற்குக் கணக்கும் காட்டினார்.

1790-இல் 39 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1860-இல் 3 கோடி 14 இலட்சமாயிற்று. அதாவது, பத்தாண்டுக்குச் சராசரி 34.6 சதவீத உயர்வு. ஏழு பத்தாண்டுகளில் ஒன்றுகூட இச்சராசரியிலிருந்து 2 புள்ளிக்கு மேல் விலகவில்லை! கூட்டு வட்டியைப் போன்ற இவ்வளர்ச்சியையே அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். வரைபடத்தாளில் ஆண்டுகளுக்கு எதிரே மக்கள் தொகையின் மடக்கைகளைக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும்.

லிங்கன் அக்கோட்டை நீட்டினார். 1930-இல் 25 கோடிக்கு மேல் என்று விடை வந்தது. உண்மையில் அவ்வாண்டுக் கணக்கெடுப்பு காட்டியதோ 12 கோடி 28 இலட்சம்; பாதிகூட இல்லை.

பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. பிறப்பு வீதம் நெடுங்காலமாகவே குறைந்து வந்தது. 1840-களிலிருந்து ஐரோப்பியக் குடியேற்றம் பெருகி அக்குறையை மறைத்துவிட்டது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? அவரது கடன் திட்டமும் ஏற்கப்படவில்லை. 1865-இல் 13-ஆம் திருத்தம் ஈட்டுத்தொகையின்றியே அடிமை முறையை ஒழித்தது.

1920-இல் பேர்ல், ரீட் என்ற அறிஞர்கள் எச்சரிக்கையாக, மேலே போகப் போகத் தட்டையாகும் வளைவைப் பொருத்தினார்கள். உச்ச வரம்பு 19 கோடி 73 இலட்சம் என்றார்கள். 1970 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 20 கோடியைத் தாண்டியிருந்தது.