மூணு பவுண்டு வரி: நேட்டாலில் சொந்தத் தொழில் செய்யப் போனவர்களின் கதை

வெளிநாட்டுல போய் சொந்தமா ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னு நினைக்கிற யாருக்கும் மூணு கேள்வி வரும். உள்ள விடுவாங்களா? லைசன்ஸ் தருவாங்களா? வரி எவ்வளவு? இந்த மூணையும் ஒரு அரசாங்கம் ஆயுதமா பயன்படுத்தின கதைதான் இன்னைக்கு எபிசோட். இடம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால். அப்போ அது பிரிட்டிஷ் காலனி.

1860 நவம்பர்ல 'ட்ரூரோ' கப்பல் சென்னையில இருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுல வந்தவங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சதும் பலர் ஊர் திரும்பல. காய்கறி பயிரிட்டாங்க, கூடையில சுமந்து வித்தாங்க, சின்னதா கடை போட்டாங்க. இன்னொரு பக்கம், குஜராத்தி வியாபாரிகள் சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வந்து கடை திறந்தாங்க. வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு இப்போ போட்டி வந்துடுச்சு. தோட்டத்துக்கு ஆள் வேணும், ஆனா அந்த ஆள் முதலாளி ஆகக்கூடாது. அடுத்து வந்த சட்டங்களை இந்த ஒரு வரியை வச்சே புரிஞ்சுக்கலாம்.

முதல்ல வரி. 1895ல போட்ட சட்டப்படி, அதுக்கப்புறம் ஒப்பந்தத்துல வர்றவங்க காலம் முடிஞ்சதும் ஊர் திரும்பணும், இல்லைன்னா மறுபடி கூலி ஒப்பந்தத்துல சேரணும். ரெண்டும் செய்யாம சுதந்திரமா இருக்கணும்னா வருஷத்துக்கு 3 பவுண்டு கட்டணும். நேட்டால் அரசு முதல்ல கேட்டது 25 பவுண்டு! ஒரு கூலியாளுக்கு முதல் வருஷ சம்பளம் மாசம் 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்கு போட்டுப் பாருங்க, 3 பவுண்டுன்னா ஆறு மாச சம்பளம். 1903ல இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினாங்க: 16 வயசு பையன், 13 வயசு பொண்ணு எல்லாரும் கட்டணும்.

அடுத்து, இன்னைக்கு நாம விசான்னு சொல்ற விஷயம். 1897ல வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல 'இந்தியர்'னு குறிவச்சு ஒரு வார்த்தை கூட கிடையாது. ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில விண்ணப்பத்தை எழுதத் தெரியணும், அவ்வளவுதான். தமிழ்லயோ குஜராத்தியிலயோ மட்டும் எழுதத் தெரிஞ்ச வியாபாரி அங்கேயே ஃபெயில். ஆனா ஒப்பந்தக் கூலிக்கு இந்தத் தேர்வே கிடையாது! கோடிங் பாஷையில சொன்னா, இஃப் கண்டிஷன்ல பேர் இல்ல, ஆனா அவுட்புட் முன்கூட்டியே முடிவு பண்ணது. லண்டனுக்கு இந்த வழி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1901ல ஆஸ்திரேலியாவும் இதே பாணியில ஒரு மொழித் தேர்வைக் கொண்டு வந்தது.

மூணாவது லைசன்ஸ். இதுவும் 1897தான். கணக்குப் புத்தகம் ஆங்கிலத்துல இருக்கணும். அதிகாரி மறுத்தா நகரசபையிலதான் முறையிடலாம், கோர்ட்டுக்குப் போக முடியாது. அந்த நகரசபையில உக்காந்திருந்ததோ போட்டிக் கடைக்காரங்க!

எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது 1913ல. டிரான்ஸ்வால்ல இருந்து பெரும்பாலும் தமிழ்ப் பெண்களா இருந்த ஒரு குழு எல்லை தாண்டி நேட்டாலுக்குள்ள வந்தது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்கிட்ட வேலைநிறுத்தம் செய்யச் சொன்னாங்க. மொரீஷியஸ்ல பிறந்த தமிழர் தம்பி நாயுடு அதை முன்னின்று நடத்தினார். நவம்பர் 6ஆம் தேதி காந்தியோட ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்க பெர்மிட் இல்லாம டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தாங்க. வரியை எதிர்க்க அவங்க மீறினது குடியேற்றச் சட்டத்தை. ரெண்டும் ஒரே கயிறுதான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில இறந்தார்.

அதே வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ஒழிச்சது. ஆனா குடியேற்றத் தடையும் லைசன்ஸ் கெடுபிடியும் அப்படியே இருந்தது. கூலியா இருந்தவருக்கு ஒரு சுமை இறங்கினது, கடை வைக்க நினைச்சவருக்கு வாசல் இன்னும் குறுகலாத்தான் இருந்தது.

இன்னைக்கு ஏதோ ஒரு நாட்டோட தொழில்முனைவோர் விசா விதியைப் படிக்கும்போது, 'எல்லாருக்கும் பொது'ங்கிற வரியோட நிறுத்திடாதீங்க. நடைமுறையில யார் ஃபெயில் ஆகுறாங்கன்னு பாருங்க. அந்த அரசாங்கத்துக்கு யார் வேணும், யார் வேணாம்ங்கிறது அங்கதான் எழுதியிருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.