‘பிறகு’ என்னும் சொல்

திருக்கடையூரில் வருஷம் பூராவும் கல்யாணம்தான். அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதிகள் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். மார்க்கண்டனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் உதைத்த தலம். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளை பறிபோகும் வேளையில் தாய் என்ன சொன்னாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் சிறுவயதில் எங்கள் தெரு அக்கா ஒருத்தி புருஷனிடம் அடிபட்டுத் தாய்வீடு வந்தாள். பத்தே நாளில் திரும்பிப் போனாள். “புள்ளய புடுங்கி வச்சிக்கிட்டாங்க. அது இருக்கற எடத்துலதான நானும் இருந்தாகணும்?” ஊர் அதைப் பாசம் என்றது. குழந்தையைப் பிணையாக வைக்கும் துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்கவில்லை.

அந்தத் துணிச்சலுக்குச் சட்டத்திலும் வேர் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் ‘பிறகு’ தாய். ஐந்து வயது நிறையாத பிள்ளை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம். அதாவது வளர்ப்பது அவள், கையெழுத்து அவனுடையது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 1873-ல் பாதிரியாரான கணவரைப் பிரிந்த அன்னி பெசன்டிடமிருந்து, 1878-ல் இங்கிலாந்து நீதிமன்றம் மகள் மேபலைப் பறித்தது. நாத்திகமும் கருத்தடை நூலை வெளியிட்டதும் அவர்மேல் குற்றங்களாயின. விசாரிக்கப்பட்டது தாயின் ஒழுக்கம்.

கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்சநீதிமன்றம் ‘பிறகு’ என்பதற்குத் தந்தை ‘இல்லாத நிலையில்’ என்று பொருள் விரித்தது. அவர் உயிரோடிருந்தும் அக்கறையற்றிருந்தால் தாயே காப்பாளர். ஆனால் சட்டத்திலிருந்து அந்தச் சொல் போகவில்லை. தந்தை அக்கறை காட்டுகிறவரை தாய் இரண்டாமிடம்தான்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) வேறொரு வழி திறந்தது. பாதுகாப்புக் கேட்கும் மனுவோடு, 21-ஆம் பிரிவின்படி குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். தந்தையின் வருகை குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் அதை மறுக்கவும் செய்யலாம்.

அடிபட்டு வருகிறவளிடம் “புள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா” என்கிறோம். பொறுத்துப்போகும் தாயை நம் கதைகளும் கொண்டாடித்தான் வந்திருக்கின்றன. அந்த அக்காவோடு அன்றைக்கு யாரும் கோர்ட்டு வாசல்வரை போகவில்லை. இன்று பிரிவு இருக்கிறது. கூடப் போக ஆள் வேண்டும். அது நாமாக இருக்கலாம்.