விளக்கும் கணக்கேடும்

கரம்பொன்னில் ஒருவருக்கு நோய் முற்றினால், பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியை அடைதல் வேண்டும். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் அதற்கு முன்னர் குறிகட்டுவான் வரை கடலும் உண்டு. இத்தனை வழி கடந்து வருவோர் இரவெல்லாம் கூப்பிடும் பெயர் ஒன்றே: 'மிஸி'. அப்பெயருக்குரிய தாதியின் தொழில் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் அமெரிக்க மிஷனோடு வேரூன்றியது. 1847இல் வந்த சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவர்தம் மாணவர் ஆடவரே. 1898இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. புண்ணையும் இரத்தத்தையும் தொடுதல் தீட்டென்று கருதிய சமூகத்தில், நோயாளி எவராயினும் தொட்டுப் பேணுவதே தாதியின் முதல் அறமாயிற்று. அவ்வறத்துக்குத் 'தொண்டு' எனப் பெயரிட்டனர். பெருமை தந்த அச்சொல்லே பின்னர் விலங்குமாயிற்று. தொண்டுக்கு நேரவரையறை ஏது? தொண்டு செய்பவள் கூலி கேட்கலாமோ?

இவ்விடத்து புளோரன்ஸ் நைற்றிங்கேலை நினைத்தல் தகும். 1854இல் ஸ்கூட்டாரிப் படைமருத்துவமனைக்குச் சென்ற அவ்வம்மையாரின் கைவிளக்கை உலகம் போற்றுகிறது; அவரது கணக்கேட்டை மறந்துவிட்டது. போர்க்காயத்தினும், தடுக்கத்தக்க நோய்களாலேயே படைவீரர் பெருந்தொகையாய் மாண்டனர் என்பதை அவர் எண்களால் நிறுவினார். தூய காற்றும் வடிகாலும் போதிய பொருளும் வேண்டும் என்று அரசோடு போராடினார். கருணை மட்டும் போதாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

எமது தாதியர் கருணையில் குறைந்தவரல்லர். 1987 ஒக்டோபர் 21, 22ஆம் நாட்களில் பெரியாஸ்பத்திரியுள் இந்திய அமைதிப் படையினர் சுட்டபோது, நோயாளரோடும் வைத்தியரோடும் பணியிலிருந்த தாதியரும் உயிரிழந்தனர். பின்வந்த போர்க்காலத் தடைகளில் மருந்தின்றியும் மின்சாரமின்றியும் எஞ்சியோர் பணி தொடர்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலோ மருந்துகள் அருகின. மருத்துவத் துறையினர் பலர் நாட்டை விட்டு அகன்றனர். ஒருவர் போக, அவரது சுமை நிற்பவர் தோளில் ஏறுகிறது.

இச்சுமையின் விளைவே தொழிற்சோர்வு. உடலும் உள்ளமும் களைத்தல், தொழிலிலிருந்து மனம் விலகுதல், தன் திறமையில் நம்பிக்கை குன்றுதல் என்பன அதன் மூன்று கூறுகள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நோயென வகுக்காது, தொழில்சார் நிகழ்வென்றே வகுத்தது. இவ்வகுப்பு மனங்கொள்ளத்தக்கது. சோர்வின் வேர் பணியிடத்தில் இருக்கையில், தனியொருத்தியின் மனவுறுதியைக் குறை கூறுதல் நீதியாகாது.

சினந்து பேசும் தாதியை நாம் எளிதில் பழிக்கிறோம். அன்றிரவு அவள் பொறுப்பில் எத்தனை நோயாளர் இருந்தனர் என்று கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கத் தொடங்குவோமாக. தாதியர் தினத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது எளிது. போதிய ஆட்களையும் ஓய்வையும் தக்க ஊதியத்தையும் கோரி அவர்களோடு நிற்பதே நன்றி.